கமலா பார்த்த சண்டைப் படம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

படிக்க நீங்கள் இல்லை என்று தெரியும். ஆனாலும் இதை முதலில் உங்களிடம்தான் சொல்லத் தோன்றுகிறது. என் தங்கை கமலாவுக்கு உங்கள் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்துவிட்டது.

விழுப்புரத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிக்கு நாம் வேறெதற்குப் போனோம்? நியூயார்க் தெருப் பையன்கள் கூட்டம் கூட்டமாக மோதிக்கொள்ளும் அந்தப் படங்களுக்காகத்தானே? சுவரொட்டியில் ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்று இருந்ததை யாரோ கமலாவிடம் சொல்லிவிட்டார்கள். அவள் அதை வேறு மாதிரிப் படம் என்று நினைத்துக்கொண்டாள். நீங்களோ வாயே திறக்கவில்லை. "டிரில் மாஸ்டரே அடிதடிப் படம் பாக்குறாருன்னு பசங்களுக்குத் தெரிஞ்சா பேஜாரு மச்சான்" என்றீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு நான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். "நீங்களும் கூடப் போனவருதானே அண்ணே" என்று ஒரே போடாகப் போட்டாள்.

படத்தையே காட்டலாமென்றால் அது கிடைக்க வேண்டுமே. ஒரு வாரம் ஓடிவிட்டுக் காணாமல் போகிற படங்கள் அவை. திண்டிவனத்துக் கேசட் கடைக்காரர் பல மாதம் தேடி, பாண்டிச்சேரியிலிருந்து ஒன்றை வரவழைத்தார். நிறம் வெளுத்த பிரதி. போன ஞாயிறு வாடகை வீடியோ டெக்கையும் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன்.

"மொதல்ல கதவைச் சாத்துங்க" என்றாள்.

பாதிப் படத்தில், "எப்ப வரும்ணே?"

"எதும்மா?"

கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். திரையில் பையன்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். அடித்தால் வலித்தது, ஓடினால் மூச்சு வாங்கியது, காப்பாற்ற வெளியாள் யாரும் வரவில்லை; ஒருவனுக்கு ஒருவன்தான் துணை. நான் பாடம் எடுக்கும் வகுப்பிலும் கடைசி வரிசைப் பையன் ஒருவன் அடி வாங்கினால் கூடவே நான்கு பேர் எழுந்து நிற்பார்கள். மார்க் பட்டியலில் தெரியாத அந்தப் பாசத்தைத்தான் நாம் தேடிப் போய்ப் பார்த்தோமோ?

படம் முடிந்தது.

"இவ்ளோதானா? இதுக்கா அந்த மனுஷன் ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிட்டு, திருட்டு முழி முழிச்சிக்கினு போனாரு?" சிரிக்க ஆரம்பித்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே. ஆமா, கடைசியில அடிபட்டு விழுந்தானே, அந்த ஒல்லிப் பையன் பொழைச்சிக்குவானாண்ணே?"

எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது, மாப்பிள்ளை.

அடுத்த கேசட் எடுக்க அவளே திண்டிவனம் வருகிறாளாம். கடையில் எப்படிக் கேட்பது என்று சொல்லிப் பார்த்தாள்: "எங்க வீட்டுக்காரரு பாக்குற சண்டைப் படம் வேணுங்க."

கூடப் போவேன். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன். அவளே கேட்கட்டும்.

கமலாவுக்கு அண்ணன்,
என்றைக்கும் உங்கள் மச்சான்.