ராசியான கால்

என் பாசத்துக்கும் எரிச்சலுக்கும் உரிய டங்கன் அண்ணை,

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பதே எனக்கு வசதி. பொறாமையை இங்கிலீசில் எழுத எனக்கு வராது. உங்கள் ஸ்கொட்லாந்து இங்கிலீசும் என் யாழ்ப்பாண இங்கிலீசும் இந்தக் கனடா வெக்ஸ்போர்ட்டில் வேறு ஒருவருக்கும் விளங்கவில்லை. எதிரெதிர்க் கதவுக்காரர்களான நமக்குள் மட்டும் விளங்கியது. இப்போது ஞாபகத்தில் நீங்கள் பேசுவதெல்லாம் எங்கள் ஊர்த் தமிழாகவே கேட்கிறது.

முதலில் செய்தி. உங்கள் ஸ்கொட்லாந்துப் பார்லிமெந்தைத் திறந்தாயிற்று! போன மாதம், இங்கே கனடா தினத்தன்றுதான்; எனக்கு ஃபக்டரி லீவு. காலையிலேயே உங்கள் மனுசி ஜீன் அன்ரி கதவைத் தட்டி, "வா குகன், டீவியில காட்டுறாங்கள்" என்று இழுத்துக்கொண்டு போனா. உங்கள் கதிரையில் என்னை இருத்தினா. திறக்க வந்தது ஆர் தெரியுமோ? ராணியேதான். அவவுக்குச் சத்தியம் செய்ய மாட்டேன் என்று முப்பது வருசம் கனடாக் குடியுரிமையே எடுக்காமல் இருந்த மனுசன் நீங்கள். இருந்திருந்தால் டீவியை நிறுத்தியிருப்பீர்களா, அல்லது ஒரு நாளைக்காவது அவவை மன்னித்திருப்பீர்களா?

"எனக்கு ஒரு நாடு இருக்குத் தம்பி. இன்னொண்டு என்னத்துக்கு?" என்பீர்கள். நானோ ஒரு பாஸ்போர்ட் கிடைக்குமென்றால் எத்தனை ராணிக்கும் சத்தியம் பண்ணத் தயாராக நின்றவன். பண்ணியும்விட்டேன். வேண்டாம் என்று சொல்ல உங்களால் முடிந்ததே, அதை நினைத்து அன்றைக்கே எனக்கு வயிறு எரிந்தது.

தொண்ணூற்றேழில், ஸ்கொட்லாந்துக்குத் தனிப் பார்லிமெந்து வேணுமோ என்ற அந்த வாக்கெடுப்பு வந்தபோது நீங்கள் குதித்த குதி! "அங்க பிறந்தவன் நான். வெளியில இருக்கிறன் எண்டு எனக்கு வோட் இல்லையாம். இங்கிலாந்தில இருந்து போய்க் குடியிருக்கிறவனுக்கு இருக்காம்! கேட்டியே அநியாயத்தை?" "ஓம் அண்ணை, அநியாயம்தான்" என்று தலையாட்டினேன். மனதுக்குள், கோபிக்கவாவது இந்த மனுசனுக்கு ஒரு வாக்குப் பெட்டி இருக்கிறதே என்று நினைத்தேன்.

ஊரில் இருக்கிற உங்கள் தங்கச்சியோடு போனில் நீங்கள் பட்ட சண்டை அதைவிட மோசம். அவ வேண்டாம் என்று வாக்குப் போடப் போறாவாம். நீங்கள் கத்த, அவ கத்த, கடைசியில் அவ உங்கள் முழங்கால் நோவை விசாரிக்க, நீங்கள் மருந்துக் குளிசையின் பெயரைச் சொல்லத் தொடங்கிவிட்டீர்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கொழும்பில் இருக்கிற என் அக்காவோடு கதைக்கும்போது நாடு என்று ஒரு சொல் வாயில் வந்தாலே, ஆரும் ஒட்டுக் கேட்பாங்கள் என்ற பயத்தில், "சரி சரி, வைக்கிறன்" என்று அவ போனை வைத்துவிடுவா.

புதுவருசத்தன்று வீட்டுக்குள் முதலில் கால் வைப்பவன் கறுத்த முடி ஆம்பிளையாக இருந்தால் அதிர்ஷ்டம் என்பது உங்கள் ஊர் வழக்கம். வருசாவருசம் என் கையில் ஒரு துண்டு பார்பிக்கியூக் கரியும் பாண் ரொட்டியும் தந்து, வெளியே நிறுத்தி, பிறகு உள்ளே கூப்பிடுவீர்கள். வாக்கெடுப்பில் வென்ற அன்று என்னைக் கட்டிப்பிடித்து, "உன்ர கால் ராசியான கால் தம்பி! இது பாதிதான், மிச்சச் சுதந்திரமும் வரும்" என்று கத்தினீர்கள். நானும் சிரித்தேன். என் கதவைச் சாத்தியதும் சிரிப்புப் போய்விட்டது. என் கால் பட்டு உங்களுக்குப் பார்லிமெந்து. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு வாசற்படியோ ஆமிக் காம்புக்குள் இருக்கிறது. கனடாப் பாஸ்போர்ட்டைக் காட்டினாலும் அந்த வேலிக்கு அங்காலே விடமாட்டார்கள்.

போன கிழமை ஜீன் அன்ரி உங்கள் சாம்பலை ஊருக்குக் கொண்டுபோனா. நான்தான் எயார்போர்ட்டில் விட்டேன். சின்னப் பெட்டி. கைப்பையில் சுவெட்டருக்கு நடுவே வைத்திருந்தா.

"அன்ரி, அங்க இறங்கேக்க ஒண்டும் கேக்க மாட்டாங்களோ?"

அவ என்னை விளங்காமல் பார்த்தா. "என்னத்தைக் கேக்கிறது? தன்ர வீட்டுக்குத்தானே போறார்."

காருக்குள் வந்திருந்து அழுதேன். உங்களுக்காக என்று நினைக்காதேயுங்கோ. என் அப்பாவுக்குக் கொள்ளி வைக்க என்னால் போக முடியவில்லை. நீங்களோ சாம்பலாகியும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். செத்த மனுசனைப் பார்த்துப் பொறாமைப்பட வைத்துவிட்டீர்களே, அண்ணை!

ஜீன் அன்ரி மார்கழியில் திரும்பி வாறா. இனித் தனியாக இருக்கப்போறா. புதுவருசக் காலையில் கரியும் பாணுமாக அந்த வாசலில் நிற்பேன். தலை பாதி நரைத்துவிட்டது, டை அடித்துக்கொண்டு வருவேன். இது ராணிக்குச் செய்தது மாதிரியான சத்தியம் இல்லை. எரிச்சலோடுதான் வருவேன். ஆனால் வலது காலை எடுத்து வைத்துத்தான் உள்ளே வருவேன்.

உங்கள் எதிர்க்கதவுத் தம்பி,
குகன்