வெட்டுச் சுற்று

வின்டர்ஸ் பே,
டாஸ்மேனியா.
ஞாயிறு மதியம்

அன்புள்ள மெரிடித்துக்கு,

நெவில் மாமா எழுதுவது. நலமா என்று கேட்க வாய் வரவில்லை. அதனால் முதலில் என் மானத்தைக் கப்பலேற்றிவிடுகிறேன். இந்த ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு அரை மணிக்கு ஒரு தரம் பாத்ரூம் போயாக வேண்டும். டாக்டர் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். நம் கதைசொல்லிகள் வட்டத்தில் டல்சி சுருக்கமாக 'ஓட்டைக் குழாய்' என்று வைத்திருக்கிறாள். கதையின் உச்சத்தில் பூதம் கதவைத் திறக்கும், நானும் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடுவேன். இந்தக் கடிதத்தின் நடுவிலும் எழுந்து போகத்தான் வேண்டியிருக்கும். எங்காவது கையெழுத்து மாறினால் பதறாதே.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அதில் இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். அப்பாவின் கல்லறைக் கல்லில் "ஜீனிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன்" என்று செதுக்கச் சொல்லியிருக்கிறாய், கல்தச்சர் வரும் வாரம் உளியைத் தொடப்போகிறார் என்பது ஒன்று. கலங்கரை விளக்கத்துக்குக் கிளம்பியவர் ஏன் மனம் மாறி ஆற்றுப் பக்கம் போனார், கடைசி நேரத்தில் அம்மாவைப் பார்க்கப் பிடிக்காமல் போய்விட்டதா என்று தூக்கமில்லாமல் யோசிக்கிறாய் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைப் படித்த பிறகு எனக்கும் தூக்கம் போய்விட்டது.

அதற்கு முன்னால் ஊர்ச் செய்தி கொஞ்சம். தைரியம் வருகிற வரைக்கும் எதையாவது எழுதிக்கொண்டிருக்க வேண்டுமே. உன் அப்பாவின் கோழிகளை லயனல் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். அவை அவனை மதிப்பதே இல்லை. வானொலியில் பேசிப் பேசிப் பெயர் வாங்கியவன், கோழிக்கூண்டு முன்னால் நின்று கெஞ்சுகிறான். டல்சி வாரம் தவறாமல் உங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்து காற்றாட விடுகிறாள். மழை விட்டபாடில்லை.

எங்கள் வட்டத்தின் வழக்கம் உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். காகிதம் கையில் இருக்கக் கூடாது. ஒருவர் கதை சொல்லி முடித்ததும் வெட்டுச் சுற்று நடக்கும். ஆளுக்கு ஓர் இடத்தைச் சொல்லி, அது தொய்கிறது, வெட்டு என்போம். மற்றவர்கள் ஒத்துக்கொண்டால் அந்த வரி போயே போய்விடும், சொன்னவரே மறந்துவிடுவார். அந்த வேலையில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு கர்வம் எங்களுக்கு.

உன் அப்பா ஆர்ச்சிதான் எங்களுக்குப் பிடிபடாத ஆள். அவர் சொல்வதெல்லாம் அன்றைக்கு எந்தப் பாதையில் நடந்தார், அலை எவ்வளவு ஏறியிருந்தது, எந்த வேலிக் கம்பி சாய்ந்திருந்தது. வெட்டினால் ஒன்றுமே மிஞ்சாது. ஒரு தடவை நான், "ஆர்ச்சி, உன் கதையில ஒரு பேயாவது வரக்கூடாதாப்பா?" என்று கேட்டேன். அவர் அசராமல், "வந்தா சொல்லமாட்டேனா? வரலியே" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். சனிக்கிழமை தோறும் போனில் உனக்கும் இதே வேலிக் கம்பிதானே கிடைத்திருக்கும்.

இனி அன்றைய நாள். ஒரு சொல்லைக்கூடச் சேர்க்காமல் எழுதுகிறேன், என்னை நம்பு.

சனிக்கிழமை மதியக் கூட்டத்தில், டீ வருவதற்கு முன்பே வழக்கம்போல அவர் எழுந்தார். மழை வலுத்திருந்தது. "இருந்துட்டுப் போப்பா, லாமிங்டன் கேக் இருக்கு" என்று டல்சி சொன்னாள். அவர் சிவப்புக் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார், கேட்டைத் தாண்டினார், ஒரு தரம் திரும்பிக் கையைத் தூக்கிக் காட்டினார், இடது பக்கம் திரும்பினார். இடது பக்கம் போனால் பாதை இரண்டாகப் பிரியும் என்பது உனக்குத் தெரியும். ஒன்று கலங்கரை விளக்கத்துக்கு, இன்னொன்று ஆற்றுக்கு.

அன்று மாலை நீ போன் செய்தாய், எடுக்கவில்லை. மறுநாள் காலையிலும் எடுக்காததால் போலீசுக்குச் சொன்னாய். கான்ஸ்டபிள் ராண்டல் எங்கள் ஆறு பேரையும் கூட்டம் நடந்த அதே மண்டபத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, முதலில் உங்கள் வீட்டைப் பார்க்கப் போனார். அவர் வரத் தாமதமானது. அங்கேதான் எல்லாம் கெட்டது, மெரிடித். ஆறு கதைசொல்லிகளை ஓர் அறையில் கெட்டிலோடு உட்காரவைத்தால் என்ன செய்வார்கள்? அவரவர் பார்த்ததைச் சொல்லத் தொடங்கினோம். யாரும் அறிவிக்காமலே வெட்டுச் சுற்று ஆரம்பமாகிவிட்டது.

லயனல், இடது பக்கம் திரும்பினார் என்றான். அந்த வரியை யாரும் வெட்டவில்லை, நின்றது. டல்சி, "ஏதோ பலகை பத்தி சொன்னாருப்பா. பழைய நடைபாலத்துல பலகை ஆடுது, மாத்திட்டாங்களான்னு பாத்துட்டுப் போறேன்னாரு" என்றாள். நான், "ஐயோ டல்சி, காணாமப்போன நேரத்துலயும் பலகையா? அத வுடு, இழுக்குது" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். டல்சியும் விட்டுவிட்டாள். அந்த வாரம் உன் அம்மா ஜீனின் நினைவு நாள் என்று யாரோ சொன்னார்கள். சாம்பலைக் கரைத்தது கலங்கரை விளக்கத்துப் பாறையில்தானே என்று இன்னொருவர் சொன்னார். "அப்ப ஜீன் கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வரேன்னு கெளம்பியிருப்பார்" என்று சொன்ன வாய் என்னுடையது. அதையும் ஒருவரும் வெட்டவில்லை. நல்ல வரி விழுந்தால் எங்கள் வட்டத்தில் அப்படித்தான் நின்றுவிடும்.

கான்ஸ்டபிள் வந்தபோது 'கிளம்பியிருப்பார்' என்பது 'சொன்னார்' ஆகிவிட்டிருந்தது. டல்சியே கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வரியைச் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை, அவள் காதில் அப்போது அதுதான் கேட்டது. ராண்டல் எழுதி முடித்துவிட்டு, "ஆறு பேரும் இப்படி ஒரே மாதிரி சொல்ற சாட்சிய நான் பாத்ததே இல்ல" என்றார். எனக்கு முகமெல்லாம் பெருமை. அந்தப் பெருமையை நினைத்தால்தான் இப்போது சோறு இறங்குவதில்லை.

ஞாயிறும் திங்களும் ஹெலிகாப்டர், படகு, நாய் எல்லாம் கலங்கரை விளக்கத்துப் பாறையைத்தான் சுற்றின. சிவப்புத் தொப்பியைத் தேடு என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை விலாங்கு பிடிக்கப் போனவர் நடைபாலத்துக்குக் கீழே உன் அப்பாவைப் பார்த்தார். ஒரு பலகை ஒடிந்திருந்தது. கால் முறிந்து, கரை வரைக்கும் ஊர்ந்திருக்கிறார். ஞாயிறு இரவு வரை உயிர் இருந்திருக்கலாம் என்று டாக்டர் உன்னிடம் சொன்னதை எங்களிடமும் சொன்னார். மண்டபத்திலிருந்து அந்தப் பாலத்துக்கு நான் சிகரெட் பிடித்துக்கொண்டே நடந்து போய்விடுவேன்.

அதனால், கண்ணு, உன் அப்பா மனம் மாறவில்லை. எங்கே போவதாகச் சொன்னாரோ அங்கேதான் போனார். வாழ்நாள் முழுக்க அவர் அப்படித்தான். ஜீனைப் பார்க்க மாட்டேன் என்று அவர் திரும்பவில்லை. அன்று அந்தப் பக்கம் போக அவர் கிளம்பவே இல்லை. கல்தச்சருக்கு இன்றே போன் போட்டு நிறுத்து. அந்த வரி என்னுடையது. அவர் தலைமாட்டில் அது நிற்கக் கூடாது. மரண விசாரணையில் நான் இதையெல்லாம் சொல்லப்போகிறேன். வட்டத்தில் நான்கு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். லயனல், "செத்தவர் திரும்பி வரவா போறாரு? அந்தப் பொண்ணுக்கு அந்த ஒரு வரியாவது இருக்கட்டுமேடா" என்கிறான். அவன் சொல்வதிலும் இரக்கம் இருக்கிறது. ஆனால் நீ தூங்க வேண்டும்.

என்னைத் திட்டி எழுது, எழுதாமலே இரு, எதுவானாலும் சரி. வேளைக்குச் சாப்பிடு. எந்தப் பாலத்தில் ஏறினாலும் பலகையைக் காலால் தட்டிப் பார்த்து ஏறு. உன் அப்பா சொல்லியிருக்கக்கூடிய ஆசீர்வாதம் அதுதான், அதை நான் என் வாயால் அழகுபடுத்தவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதியில்லாத,
நெவில் ஆஷ்டவுன்

பி.கு.: நேற்று மண்டபத்தைப் பூட்டப் போனேன். உன் அப்பாவின் சிவப்புத் தொப்பி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. தொப்பியை இழுத்துவிட்டார், கையைத் தூக்கிக் காட்டினார் என்று மேலே எழுதினேனே, அவர் கிளம்பியபோது நான் பாத்ரூமில் இருந்தேன்.