அண்ணாவுக்கு ஊர் சொன்ன மச்சாளுக்கு

என் வாயாடி மச்சாளுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. ஆட்டைத் திவசத்துக்கு ஐயரிடம் சொல்லியாயிற்று, பலகாரத்துக்கும் ஆள் பிடித்தாயிற்று. ஆனால் அதைச் சொல்வதற்கு இதை எழுதவில்லை. போன சனிக்கிழமை அண்ணா பஸ் ஏறினார். ஓம், உங்கள் மனிசன்தான். திருகோணமலையை விட்டு வெளியே போகிற பஸ். நம்பமாட்டீர்கள் என்று தெரியும், எழும்பி இருந்து கேளுங்கள்.

வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். தவமணி என்கிற இவர் என் அண்ணாவின் மனைவி. அவர்கள் முன்வீட்டில், நான் அதே வளவில் பின்வீட்டில். கலியாணம் கட்டாத எனக்குத் துணை இவர், ஊர் சுற்றுகிற இவருக்குத் துணை நான். என் கந்தோரில் இரண்டு நாள் லீவு சேர்ந்து வந்தால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவோம். கண்டி, காலி, அனுராதபுரம், மட்டக்களப்பு என்று போகாத ஊர் கொஞ்சம்தான். போய் இறங்கியதும் முதலில் சாப்பாட்டுக் கடை, பிறகுதான் கோட்டையும் கோயிலும். வெறும் வயிற்றோடு பார்த்தால் எந்த ஊரும் வடிவில்லை என்பது உங்கள் கட்சி.

அண்ணா மட்டும் வரமாட்டார். சண்டைக் காலத்தில் ஒரு பயணத்தில் அவரைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸில் இருந்து இறக்கித் தடுத்து வைத்துக்கொண்டார்கள். சில நாளில் விட்டுவிட்டார்கள், உடம்பில் காயம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு தூரப் பஸ் ஒன்றிலும் அவர் கால் வைத்ததில்லை. சைக்கிள் போகிற தூரம்தான் அவருடைய நாடு. கோணேசர் கோயில், மீன் சந்தை, சாம்பல்தீவு, மிஞ்சிப்போனால் சல்லி அம்மன் கோயில். அதைப் பற்றி வீட்டில் யாரும் அவரோடு கதைப்பதில்லை.

அதனால் ஊரை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். திரும்பி வந்த அன்றே குளித்து, உலை வைத்து, அவருக்குச் சோற்றைப் போட்டுவிட்டு எதிர்க் கதிரையில் இருப்பீர்கள். பிறகு தொடங்கும் கதை. அவர் தலையைக் குனிந்தபடி சாப்பிடுவார், நீங்கள் சொல்லிக்கொண்டே சோறு போடுவீர்கள், நான் ஓம் போடுவேன். எனக்கு அங்கே வேறு வேலை இல்லை.

என்ன பொய் மச்சாள் அதெல்லாம்! காலியில் ஒரு வெள்ளிக்கிழமை நாம் பாணும் சம்பலும் வாங்கினோம். அரைவாசி தின்ற பிறகுதான் சம்பலில் மாசிக் கருவாடு கிடப்பதைக் கண்டீர்கள். "முறிஞ்ச விரதம் முறிஞ்சதுதான், கருவாடு நல்ல ருசி" என்று மிச்சத்தையும் முடித்தீர்கள். வீட்டுக்கு வந்து அண்ணாவிடம் சொன்னது வேறு கதை. கடைக்காரச் சிங்களப் பெண் நீங்கள் விரதம் என்று அறிந்ததும் புதுச் சட்டி வாங்கிவந்து தனியாகச் சமைத்துத் தந்தாளாம். கண்டியில் மழைக்கு ஒதுங்கிய பேக்கரியில் நம்மை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் கதையில் முதலாளியே குடை பிடித்துக்கொண்டு பஸ் வரை வந்தார். நான் வெட்கமில்லாமல் இரண்டுக்கும் ஓம் போட்டேன்.

நீங்கள் போன பிறகு அண்ணாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வாய், மூன்று வாய், உடனே கையைக் கழுவிவிடுவார். சேட்டெல்லாம் தொளதொள என்று தொங்குகிறது. டாக்குத்தர் உடம்பில் ஒரு வருத்தமும் இல்லை என்கிறார். கனடாவில் இருந்து துளசி வீடியோவில் பார்த்துவிட்டு, "மாமி, அப்பா இப்பிடியே போனா என்ன நடக்கும்?" என்று அழுதாள். உங்கள் மகளுக்கு நான் என்ன பதில் சொல்ல? எனக்கும் அதே பயம்தான். உங்களுக்குப் பின்னால் இவரையும் அனுப்பிவிட்டு நான் இந்த வளவில் தனியே என்ன செய்வேன்?

ஆகவே நானே ஊர் கொண்டுவரலாம் என்று யாழ்ப்பாணம் போனேன், தனியே. கூழ் குடித்தேன், கோட்டை பார்த்தேன், நல்லூரில் கும்பிட்டேன், பனங்கிழங்கும் வாங்கிவந்தேன். அண்ணாவுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு உங்கள் கதிரையில் இருந்து தொடங்கினேன்.

"அங்க சரியான வெயில் அண்ணா. கூழ் நல்லா இருந்தது. கோட்டை பெரிசு."

"பிறகு?"

"பிறகு... பின்னேரம் கொஞ்சம் காத்து வீசினது."

"என்னடி இது? ரேடியோவில வானிலை சொல்லுற மாதிரிக் கிடக்கு."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. உங்களைப் போல ஒரு பொய் சொல்லிப் பார்ப்போம் என்று, கூழ்க் கடைக்காரர் எனக்காகத் தேவாரம் பாடினார் என்றேன். அண்ணா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழும்பிக் கையைக் கழுவினார். நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன். ஒரு ஆளைச் சாப்பிட வைக்கக்கூட எனக்கு ஏலாதா? உங்கள் மேல்கூட எனக்குக் கோபம் வந்தது. இந்த வித்தையைக் கொஞ்சமாவது சொல்லித் தந்துவிட்டுப் போயிருக்கலாமே?

கொஞ்ச நேரத்தில் அண்ணா குசினி வாசலில் வந்து நின்றார்.

"அழாத. உனக்குச் சொல்ல வராது கமலா. மட்டக்களப்புக்கு எத்தினை மணிக்கு பஸ்?"

நீங்கள் கடைசியாகச் சொன்ன ஊர் மட்டக்களப்பு, வாவியில் மீன் பாடும் என்று பேர்பெற்ற ஊர். கல்லடிப் பாலத்தடியில் ஒரு தோணிக்காரர் உங்களை ஏற்றிக்கொண்டுபோய், துடுப்பைத் தண்ணீரில் வைத்து அதில் காதை வைக்கச் சொன்னார் என்றும், மீன் பாடுவது துலக்கமாகக் கேட்டது என்றும், தோணிக்காரர் காசே வாங்கவில்லை என்றும் சொல்லியிருந்தீர்கள். உண்மையில் நாம் நல்ல பகலில் பாலத்தில் நின்று கச்சான் கொறித்தோம். லொறிச் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை, தோணியில் ஏறவும் இல்லை. அண்ணா பஸ் ஏறுகிறார் என்று சந்தோசப்படுவதா, அங்கே போய் எல்லாம் பொய் என்று கண்டால் அவரிடம் மிஞ்சியிருக்கிற நீங்களும் போய்விடுவீர்களே என்று பயப்படுவதா? இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை.

பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்தார். கிண்ணியாப் பாலம் வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். மூதூர் தாண்டி, தோப்பூர் வயல்கள் தொடங்கிய பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று அவரை இறக்கியது எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. பஸ் நின்றது. ஒரு பெண் ஏறி அவித்த சோளம் விற்றாள், இறங்கினாள், பஸ் புறப்பட்டது. கையை விட்டபோது என் விரலெல்லாம் நோவெடுத்தது.

மட்டக்களப்பில் இறங்கியதும் சாப்பிடுவோம் என்றேன். முதலில் பாலம் என்றார். பழைய இரும்புப் பாலத்தில் பாதித் தூரம் நடந்து, கம்பியில் சாய்ந்து, குனிந்து, காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். கீழே ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். பக்கத்துப் புதுப் பாலத்தில் லொறிகள் போய்க்கொண்டிருந்தன.

"ஒண்டும் கேக்கேல்லையே."

"பகலில கேக்காதாம் அண்ணா."

"நீங்கள் ரெண்டு பேரும் வந்ததும் பகலிலதானே."

"அண்ணா, மச்சாள் சில விசயம் கொஞ்சம் கூட்டித்தான்..."

"கொஞ்சமோ?"

அண்ணா சிரித்தார் மச்சாள். ஒரு வருசத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, வழியால் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

"பொய் சொல்லேக்க அவளுக்கு அகப்பை நிக்காது. கதை பெருக்கப் பெருக்கச் சோறும் பெருகும். காலிக் கதை சொன்ன அண்டைக்கு நான் படுக்கையில திரும்பிப் படுக்கக்கூட ஏலாமக் கிடந்தனான்."

"தெரிஞ்சுகொண்டே கேட்டுக்கொண்டு இருந்தனீங்களோ?"

"வெளியில நல்ல சனமும் இருக்கு எண்டு எனக்குச் சொல்லத்தானே அவள் அவ்வளவு பாடுபட்டவள். பொய் எண்டு எப்பிடியடி சொல்லுறது? சொன்னா அடுத்த முறை போகமாட்டாள்."

நான் எத்தனை பயணம் உங்களோடு வந்தேன், எத்தனை கதைக்கு ஓம் போட்டேன். குடை பிடித்த முதலாளியும், புதுச் சட்டி வாங்கிய பெண்ணும், காசு வாங்காத தோணிக்காரரும் எதற்காக வந்தார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லையே. நீங்கள் வாய் ஓயாதவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லமாட்டேன், நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அந்தப் பாலத்தில் வைத்து உங்களை நான் எவ்வளவு தேடினேன் என்று உங்களுக்குத் தெரியாது.

பிறகு பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் சாப்பிட்டோம். கடை என்றால் பிளாஸ்டிக் கதிரை, கண்ணாடிப் பெட்டி, காற்றைவிடச் சத்தம் கூடிய ஒரு ஃபேன். பரிமாறிய தம்பி போனைப் பார்த்துக்கொண்டே கறியை வைத்தான், எங்கள் முகத்தைப் பார்த்தானோ தெரியாது. மீன் குழம்பு உறைப்பு, கீரை கொஞ்சம் கசப்பு. அண்ணா சோற்றுக் கோப்பையை வழித்துவிட்டு இன்னும் சோறு கேட்டார். அதற்கு மேல் எருமைத் தயிரும் கருப்பட்டிப் பாணியும். நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்ப்பதுபோலத் திரும்பிக் கண்ணைத் துடைத்தேன்.

அடுத்த நாள் காலை துளசி எடுத்தாள். அண்ணா போனைப் பிடித்துக்கொண்டு உங்கள் கதிரையில் போய் இருந்தார்.

"ஓம் பிள்ளை, மட்டக்களப்புக்குப் போய் வந்தனான். கடையில சாப்பாடு போட்ட பெடியன் என்னை வடிவாப் பார்த்தான். உன்ர மாமியையும் பார்த்தான். பிறகு வந்து கேட்டான், 'போன முறை இவவோட ஒரு அம்மா வந்தவ, சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சவ, அவ வரேல்லையோ?' எண்டு. நான் விசயத்தைச் சொன்னன். பெடியன்ர கண் கலங்கிப் போச்சு. தயிருக்குக் காசு வாங்கமாட்டன் எண்டிட்டான்."

போனில் துளசி அழுகிறாள் என்று தெரிந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"மாமி, உண்மையாவோ? அம்மாவை அங்க ஒருத்தர் ஞாபகம் வச்சிருந்தவரோ?"

அண்ணா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் பிள்ளை," என்றேன்.

திவசம் முடிந்து வருகிற லீவுக்கு மன்னார் போகிறோம். அண்ணா இப்போதே பை வாங்கிவிட்டார். அவர் வீட்டுக்கு வந்து என்ன சொன்னாலும், எவ்வளவு கூட்டிச் சொன்னாலும், பக்கத்தில் நின்று நான் ஓம் போடுவேன். இது உங்களுக்கு என் வாக்கு.

இப்படிக்கு, பின்வீட்டில் இருக்கும்
உங்கள் மச்சாள்
கமலா