சொந்த உபயோகத்துக்கு மட்டும்

நவம்பர் 4, 2025, செவ்வாய்

ராஜபாளையம் ரோட்டோரம் வரிசையாக மஞ்சள் கல். கீழே எரிவாயுக் குழாய் போகிறது. பட்டறைக்கு நடந்து வரும்போது ஒரு கல்லுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சத்தமே இல்லை. எந்தக் கடலடியிலோ கிடந்த காற்று, என் செருப்புக்குக் கீழே, யார் வீட்டுக்கோ போய்க்கொண்டிருக்கிறது.

இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பினால் என்ன?

மார்ச் கடைசிக்குள் விறகு பாய்லரை நிறுத்தச் சொல்லி மாசு வாரியத்தின் உத்தரவு. வெந்நீர் இல்லாமல் நூலுக்குச் சாயம் ஏறாது. பதினான்கு பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நானும்.

நவம்பர் 11, செவ்வாய்

சித்தீக்கின் கம்ப்யூட்டர் கடையில் விண்ணப்பம் போட்டேன். வாயுவை எங்கோ வாங்கி, அடுத்தவர் குழாய் வழியாகக் கொண்டுவர ஏற்பாடு செய்கிறவர் உரிமம் எடுக்க வேண்டுமாம். அதற்கு வருடக்கணக்காகும். சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவந்தால் விலக்கு உண்டு. அதைத்தான் கேட்டிருக்கிறேன்.

குழாய்க்காரர்கள் தரும் குறைந்தபட்ச அளவே என் பாய்லருக்கு இரண்டு மடங்கு. மிச்சம்? பக்கத்துப் பட்டறை பார்வதியம்மாளுக்கும் அதே உத்தரவு வந்திருக்கிறது. ஏழு வருடமாக என்னிடம் பேசாதவள், மார்ச்சில் தானே வருவாள். நான் சொல்வதுதான் விலை.

நவம்பர் 12

மத்தியானம் கண் அசந்துவிட்டேன். குழாய்க்குள் நடக்கிறேன். இருபக்கமும் நீல நூல் காயப்போட்டிருக்கிறது, முடிவே இல்லாமல். தூரத்தில் யாரோ அடுப்பு ஊதுகிறார்கள். கிட்டப் போனால் அது நான். பத்தொன்பது வயது. பார்வதியம்மாள் பட்டறையில் கூலிக்கு நின்ற நாள்.

எழுந்தபோது கண் எரிந்தது. புகைதான்.

டிசம்பர் 3, புதன்

விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. 'நோக்கம்' என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"ருக்ஸானா லாத்தா, நீங்க எழுதித் தந்ததை அப்படியே ஏத்திட்டேன்" என்றான் சித்தீக்.

கைப்பழக்கம் என்று சொல்லி வைத்தேன். ரேஷன் கார்டிலிருந்து மகள் கல்லூரி வரை எந்தப் படிவத்திலும் 'தொழில்' என்ற இடத்தில் அதைத்தானே எழுதுகிறேன். ஆனால் இந்த நோட்டில் எதற்கு மறைக்க? கை உண்மையைத்தான் எழுதியிருக்கிறது.

சித்தீக் ஊகித்துவிட்டான். "பாதியை வித்தா லைசென்ஸ் வேணும். ரெண்டு பட்டறையும் சேர்ந்து, அவங்கவங்க உபயோகத்துக்குன்னு கையெழுத்துப் போட்டா விலக்கு உண்டு. ஆளுக்கொரு மீட்டர். நடுவுல யாருக்கும் லாபம் கிடையாது."

"லாபம் இல்லாம நான் எதுக்குலே ஓடணும்?"

"வெந்நீருக்கு" என்றான்.

டிசம்பர் 4

போக மாட்டேன்.

டிசம்பர் 19, வெள்ளி

போனேன்.

பார்வதியம்மாள் சாயப்பொடி நிறுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஏட்டி, வழி தவறி வந்துட்டியோ? உன் வாசல் அடுத்ததுல்லா?"

தாளை நீட்டினேன். கண்ணாடியைத் தேடி மாட்டி, வரி வரியாக வாசித்தாள்.

"இதுல உனக்கு என்ன மிச்சம்?"

"ஒண்ணுமில்லக்கா."

"எங்கிட்டயே பொய் சொல்லுதே பாரு. உனக்குத் தொழில் சொல்லித் தந்தவ நான்."

அவளுக்கே விற்க நினைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? அந்தச் சாயவாடை பட்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. அவள் சிரித்தாள்.

"நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். கையெழுத்து போடுதேன். வியாழக்கிழமை மட்டும் முத்துமணியை அனுப்பு. நீலம் எனக்கு நிக்க மாட்டேங்கு."

முத்துமணி சாய மாஸ்டர். நான் தனிப்பட்டறை போட்ட அன்று, சம்பளத்தைக் கூட்டிச் சொல்லி அவளிடமிருந்து அழைத்துக்கொண்டு வந்த ஆள். ஏழு வருடமாகப் பேச்சு நின்றிருந்தது அதனால்தான்.

டிசம்பர் 20

முத்துமணி அண்ணாச்சியிடம் சொன்னேன். "மாத்தி மாத்தித் தூக்கிட்டுப் போக நான் என்ன நூல் மூட்டையா?" என்று முறைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அங்கன தொட்டி அதே இடத்துலதான் இருக்கா?" என்று கேட்டார்.

பிப்ரவரி 2, 2026, திங்கள்

விலக்கு வந்துவிட்டது. 'நோக்கம்: சொந்த உபயோகம்.' கீழே இரண்டு பெயர். வேறு யாருடைய தாளையோ கையில் வைத்திருப்பது போல இருந்தது.

மார்ச் 26, வியாழன்

வால்வைத் திறந்து பாய்லரைப் பற்றவைத்தார்கள். நீலம். சாயத்தில் இத்தனை வருடம் நான் எடுக்கப் பார்த்த நீலம் அது. புகையில்லை, சத்தமில்லை. புகைபோக்கிக்கு மேலே வெறும் வானம். எவ்வளவு நேரம் பார்த்தபடி நின்றேனோ.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல்: "ஏட்டி ருக்ஸானா, உனக்கு எரியுதா?"

"எரியுதுக்கா. உங்களுக்கு?"

"இன்னும் இல்ல."

தண்ணீர் கொதித்துவிட்டது. நூலை இறக்கலாமா என்று ஆட்கள் கேட்டார்கள். பொறுங்கள் என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஒரு நிமிடம்கூட வேலையை நிறுத்தி வைத்து அவர்கள் பார்த்ததில்லை.

அரை மணி நேரம் போயிருக்கும். மதிலுக்கு மேலே, அங்கே வேலைக்குப் போயிருந்த முத்துமணி அண்ணாச்சியின் தலை தெரிந்தது.

"இங்கனயும் அடுப்பு பிடிச்சிட்டு" என்றார்.

இறக்குங்கள் என்றேன்.