கில் சர்தாரிடம் நான் விட்ட குலக்கதை

18 அக்டோபர் 1998, ஞாயிறு. சான்டா கிளாரா.

எழுதவே கூசுகிறது. பெண்ணுக்குச் சம்பந்தம் பேசப் போன வீட்டில் இன்று முழுப் பொய் ஒன்றைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

என் பெண் கவிதா விரும்பும் பையனின் அப்பா, கில் என்கிற சர்தார். பரோட்டாவில் வெண்ணெயை வைத்தபடியே குலக்கதையை ஆரம்பித்தார். ஒரு ராஜபுத்திர ராஜாவின் குழந்தையை மற்ற ராணிகள் பொறாமையில் காட்டில் விட்டார்களாம். அந்தப் பிள்ளையின் வம்சம்தான் கில் குலமாம்.

என் வாய் சும்மா இருக்குமா? "எங்க கொங்கு நாட்டுல குலத்தைக் கூட்டம்னு சொல்லுவோம் ஜீ. எங்க கூட்டத்து மூதாதையும் பஞ்சாப் காட்டுல கெடச்ச ராஜா பிள்ளைதான்!"

சர்தார் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்படியானால் நாம் ஒரே குலமாச்சே! ஒரே குலத்தில் கட்ட மாட்டோம். அண்ணன் தங்கை முறை."

எங்களிலும் அதே சட்டம்தான்.

திரும்பும்போது காரில் கவிதாவின் அம்மா, "ஏனுங்க, மாப்பிள்ளை பாக்கப் போனீங்களா, புள்ளைக்கு அண்ணன் பாக்கப் போனீங்களா?" என்றாள்.

பொய்யென்று ஒப்புக்கொண்டால் கவிதா பொய்யன் மகள். ஒப்புக்கொள்ளாவிட்டால் பையனுக்குத் தங்கை. எது தேவலை என்றே விளங்கவில்லை.

எங்கள் கூட்டத்தின் நிஜக் கதையையாவது தெரிந்துகொள்வோமென்று கோபியிலிருக்கும் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"கூட்டமா? நம்ம தாத்தாவே தத்து வந்தவருடா. எங்கிருந்து எடுத்தாங்கன்னு யாரும் கேக்கல."