வருகைப் பதிவில் மோனிஷா

ஜூன் 12

பள்ளியில் மொத்தம் இருபத்தொன்பது பேர். வருகைப் பதிவுச் செயலியில் முப்பது. மோனிஷா பெயரை எடுக்கணும். மே மாசம் ஏரியில் மூழ்கிப் போனாள். எட்டாம் வகுப்புக்கு வரவேண்டியவள். தலைமையாசிரியர் கஜபதி சார் தடுத்தார்.

“அடைவுத் தேர்வு முடியட்டுங்க எவாஞ்சலின் டீச்சர். முப்பதுக்குக் கீழ போனா வேற ஸ்கூலோட இணைச்சிடுவாங்க. சின்னப் பசங்க ஹைவே தாண்டணும்.”

நியாயம்தான். அவள் பெயருக்கு நேரே ‘வருகை’ அழுத்தினேன்.

ஜூலை 30

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள். பாதிப் பேர் வரவில்லை. இதுவரை ஒருநாள்கூட விடுப்பு எடுக்காதவள் மோனிஷா ஒருத்திதான்.

ஆகஸ்ட் 19

பெயர் கூப்பிடும்போது அவள் பெயரும் வாயில் வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. அடுத்த பெயருக்குப் போக எனக்கு ஏன் அவ்வளவு நேரம்?

செப்டம்பர் 4

அடைவுத் தேர்வு. எட்டாம் வகுப்பில் ஐந்து பேர், பெயர் அச்சிட்ட தாள் ஆறு. ஆறாவதை மோனிஷாவின் இடத்தில் வைத்தேன். சார் அப்புறம் நிரப்பிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். மணி அடித்ததும் வாங்கினால் — அந்தத் தாளில் இருபத்தைந்து கேள்விக்கும் விடை வட்டம் கறுப்பாக நிரம்பியிருக்கிறது.

பக்கத்தில் உட்காரும் புஷ்பலதாவைத் தனியே கேட்டேன்.

“நான்தான் டீச்சர். அவளுக்கு முட்டை போட்ருவாங்கன்னு...”

“எல்லாத்தையுமா?”

“பன்னெண்டு வரைக்கும்தான். அதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க.”

சார் ரூமை விட்டே வரவில்லை என்கிறார். மற்ற நாலு பேரும் தொடவில்லையாம். அப்போ நானா? கையைப் பார்த்தேன். விரலில் மை இருந்தது. காலையிலிருந்து பேனா பிடித்த கை, இருக்காதா.

அக்டோபர் 14

முடிவு வந்தது. மோனிஷா வகுப்பில் முதல். திருத்தணியில் நடந்த கூட்டத்தில் எங்கள் பள்ளிக்குக் கைதட்டல். பள்ளிப்பட்டிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் எழுந்து, “வட்டத்த எண்ணுறோம். பிள்ளைய யாருங்க பாக்கறாங்க?” என்றார். நான் குனிந்துகொண்டேன்.

அக்டோபர் 15

நாலு மணிக்கு வாசலில் சந்திரா — மோனிஷாவின் அம்மா. கையில் பிஸ்கட் பாக்கெட்.

“தெனம் மெசேஜ் வருதுங்க டீச்சர், மோனிஷா ஸ்கூலுக்கு வந்துட்டான்னு. வூட்டுக்குத்தான் வரமாட்டேன்றா. அதான், கூட்டிகினு போலாம்னு.”

போனைக் காட்டினாள். ஜூன்லருந்து ஒன்னுகூட அழிக்கல. நான் அழுத்தினதெல்லாம் அங்க போயிருக்கு. எனக்குத் தெரியாதா அது போகும்னு? நெனச்சே பாக்கல. எவாஞ்சலின், என்ன பண்ணிட்ட நீ.

அக்டோபர் 16

பெயரை நீக்கினேன். செயலி காரணம் கேட்டது. ‘இறப்பு’. தேர்வுத் தாளைப் பற்றியும் எழுதிக் கொடுத்தேன். “ஸ்கூல் போயிடும்” என்றார் சார். “ஆங், தெரியும் சார்.”

நவம்பர் 20

இணைப்பு உத்தரவு வந்துவிட்டது. சாயங்காலம் மோனிஷாவின் அப்பா பச்சையப்பன் வந்தார். திட்டுவார் என்று நின்றேன்.

“மெசேஜ் நின்ன அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் சந்திரா போனயே பாத்துகினு இருந்தா. அப்புறம் அழுதா. மே மாசத்துலருந்து அன்னிக்குத்தாங்க அழுதா. இப்ப சோறு துன்றா.”