சிங்க்கும் பேரி மரத்து வேரும்

தை 12, செவ்வாய்

மூடுபனி. எதிர்வீடு தெரியவில்லை. நல்லது, எதிர்வீட்டுக்கும் நான் தெரியவில்லை. குளியலறையில் குத்தவைத்து, குளிக்கிற வாளியில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். நார் கிடைக்காமல் என் பல் பிரஷ்ஷால். பிறகு அதிலேயே பல்லும் விளக்கினேன். இதை வேறெங்கும் சொல்ல முடியாது.

காரணம் அடுப்படி சிங்க். வீடியோ பார்த்து நேந்திரங்காய் வறுவல். கருகிவிட்டது. தடயம் இருக்கக்கூடாதென்று சட்டி நிறையத் தேங்காய் எண்ணெயையும் சிங்க்கில் ஊற்றினேன். இப்போது தண்ணீர் இறங்க மாட்டேன் என்கிறது. குனிந்தால் என் முகம் தெரிகிறது.

மனைவி மங்கை (இனி ம.) பூம்பாறையில், அவள் அண்ணன் காட்டில், பூண்டுக்குக் களையெடுக்க. வெள்ளிக்கிழமை வருகிறாள். கிளம்பும்போது சொன்னது: "நான் வாரப்ப அடுப்படி அடுப்படியா இருந்தா, இனிமே மாடி ரூம் கெஸ்ட்டுக்கெல்லாம் நீங்களே சமைங்க. இல்லைன்னா டீ போடக்கூட உள்ள வரப்படாது."

நான் வீட்டோடு மாப்பிள்ளை. வீடு, மாடி, கெஸ்ட் எல்லாம் மாமனார் வழி. கரண்டியாவது என் வழி வரட்டும் என்று எத்தனை வருஷக் கெஞ்சல்.

பிளம்பருக்கு போன். "பொங்கல் கூட்டம் இன்னும் வடியல சார், எல்லா காட்டேஜ்லயும் சோலி கெடக்கு. அடுத்த வாரம் வெரசா வந்துர்றேன்."

தை 13, புதன்

விரல் மடங்காத குளிர். சோடா உப்பு, வினிகர். வீடியோவில் பொங்கி இறங்கியது. இங்கே பொங்கியதோடு சரி. அடுத்து, கழிப்பறையில் அடைப்பெடுக்கிற ரப்பர் பம்ப். (ம.வுக்குத் தெரிந்தால் விவாகரத்து.) சிங்க் ஏப்பம் விட்டது, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு பிலோமினாக்கா, துணி காயப்போடுகிற சாக்கில் வேலியோரம். இந்தப் பனியில் எந்தத் துணி காயும்?

"என்ன மாப்ள, பாத்ரூம்ல பாத்திரச் சத்தம் கேக்குது?"

"தாளம் பழகுறேன்க்கா."

பிறகு போனில் தங்கையிடம், எனக்குக் கேட்கிற மாதிரியே: "மங்கை இல்லாம மனுசன் ஒரு மாதிரி ஆயிட்டாருடி. சாப்பாடே பாத்ரூம்லதான் போல."

தை 14, வியாழன்

வெள்ளனே மண்வெட்டியோடு பின்பக்கம். பேரி மரத்தடியில் பழைய சுட்டமண் குழாய் ஒன்று தலைகாட்டும். சிங்க் தண்ணீர் வேறெங்கே போகும்?

வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா: "குழி உங்களுக்கா மாப்ள, மங்கைக்கா?"

குழாயின் இணைப்பைப் பெயர்த்துவிட்டேன். உள்ளே ஏதோ மயிர் மாதிரி. பெருச்சாளி என்று பயந்து பின்னால் விழுந்து, எழுந்து, பிடித்து இழுத்தேன். வந்தது. வந்துகொண்டே இருந்தது.

வேர். குதிரை வால் மாதிரி. என்னைவிட நீளம். குழாயின் உருவம் மாறாமல் உருண்டையாக, பாலாடை நிறத்தில், அவ்வளவும் நூல் நூலாய். உள்ளே நுழைந்த இடம், இணைப்பில் நகம்கூடப் போகாத கீறல். மேலே மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டுச் செத்தது மாதிரி நிற்கிறது. கீழே இந்த இருட்டில் இத்தனை வேலை. ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்த மரத்துக் காயைக் கடித்து, புளிக்கிறது என்று எத்தனை தடவை துப்பியிருக்கிறேன்.

அக்கா வேலி தாண்டி வந்தார். பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார். அந்த வாய் மூடி நின்றதை முதல்முறையாகப் பார்த்தேன். இது இரண்டாவது அதிசயம்.

மதியம் பனி விலகிப் பளீரென்று வெயில். உள்ளே ஓடிக் குழாயைத் திறந்தேன். களக், களக் என்று ஒரு சுழி. சிங்க் காலி. வேரைக் கொடிக்கயிற்றில் தொங்கவிட்டேன். தெருவே வந்து பார்த்தது.

தை 15, வெள்ளி

நல்ல வெயில். மதிய பஸ்ஸில் ம. வேரைத் தடவித் தடவிப் பார்த்தாள். "அடேயப்பா, இம்புட்டும் உள்ளயா கெடந்துச்சு?" சிங்க் குழாயைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் ஓடியது. கரண்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள். "நாளைக்குக் கெஸ்ட்டுக்கு நீங்களே சமைங்க."

வறுவல் பேச்சு எழவில்லை. நானாக எழுப்புவானேன்?

தை 16, சனி

புல்லெல்லாம் உறைபனி. அரிசி களைந்து ஊற்றினேன். சிங்க்கில் நின்றது.

ம. சல்லடையைக் கழற்றி, அடியில் ஒட்டியிருந்த வெள்ளையை விரலில் தேய்த்து, மோந்து பார்த்தாள். "தேங்கா எண்ணெ." கெட்டில் வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள். களக், களக். "குளுருல ஒறையும், வெயில் பட்டா எளகும். பொறந்ததுலருந்து பாக்குறேன்."

"அப்ப வேரு?"

"நம்ம சிங்க் தண்ணி முன்பக்கக் கறுப்புக் குழாயில, சவ்சவ் பந்தலுக்குப் போகுதுங்க."

கரண்டி போய்விட்டது. வேர் இன்னும் கொடியில்தான் தொங்குகிறது. அவிழ்க்க மனம் வரவில்லை.

அந்த மண்குழாயை மாமனார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இரண்டு பக்கமும் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டாராம். அதற்குப் பிறகு உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போனதில்லை. வேர் மட்டும் போயிருக்கிறது.